ஓங்கோல் சபைக்கு அஸ்திவாரமிட்ட தோல் வியாபாரி

"கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?" என்ற பழமொழியைத் தமிழர் எல்லோரும் அறிவர். மரத்தடியில் தவமிருந்தவர் தலைமேல் எச்சமிட்ட கொக்கைப் பார்வையால் எரித்த கதை அது. மகாபாரதத்தின் வனபருவத்தில் இதே கதை கௌசிகன் என்ற அந்தணனைப் பற்றி வருகிறது. அங்கே கதை வீட்டு வாசலோடு முடிவதில்லை. "தர்மம் தெரிய வேண்டுமா? மிதிலைக்குப் போ. அங்கே ஒரு கசாப்புக்காரன் இருக்கிறான். அவனைக் கேள்" என்று அந்த இல்லத்தரசி கௌசிகனை அனுப்பி வைக்கிறாள். மிதிலைக் கடைத்தெருவில் இறைச்சி விற்றுக் கொண்டிருந்த தர்மவியாதனின் முன் கைகட்டி நின்று பாடம் கேட்கிறான் கௌசிகன்.

கத்தியும் இரத்தமும் தோலுமாக வாழ்கிறவனிடம் கடவுளைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் அன்றும் இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு மகாபாரதம் ஒரு பதில் சொன்னது. ஆந்திர மண்ணில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோல் வியாபாரியின் வாழ்க்கை மற்றொரு பதிலைச் சொன்னது. அவர் பெயர் எர்ரகுண்ட்ல பேரய்யா.

ஞாயிறு என்னும் சோதனை

வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா, சூலூர்பேட்டை என்று எந்த எல்லையோர ஊரை எடுத்துக் கொண்டாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காட்சியைக் காணலாம். ஒரு பக்கம் கறிக்கடை வாசலில் பையோடு காத்து நிற்கும் கூட்டம். மறுபக்கம் வேதப் புத்தகத்தைக் கையில் ஏந்திக் கோவிலுக்குப் போகும் குடும்பங்கள். மணி அடிக்கும் நேரமும் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரமும் ஒன்றுதான். வாரத்தின் ஆறு நாள் விற்பனையை அந்த ஒரு காலைப்பொழுது ஈடு செய்துவிடும்.

கசாப்புக் கடைக்காரர் ஒருவர் சபைக்கு உண்மையாக இருக்க விரும்பினால் அவர் தீர்க்க வேண்டிய முதல் கணக்கு இதுதான். கடையை மூடினால் வயிறு கேட்கும். மூடாவிட்டால் மனம் கேட்கும். வயதாகித் தொழிலை விட்ட பிறகு முதல் வரிசையில் அமர்ந்து ஜெபிப்பது எளிது. தொழில் நடக்கும் காலத்தில் அந்த இடத்தைப் பிடிப்பதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம்.

பேரய்யா ஆடு வெட்டி விற்றவர் அல்லர். ஆனால் இறைச்சியும் தோலும் ஒரே தொழிலின் இரண்டு கைகள். வெட்டுகிறவரின் கடையிலிருந்தும், கிராமத்தில் செத்த மாட்டிலிருந்தும் புறப்படும் தோலை வாங்கி, விற்று, ஊர் ஊராக நடந்தவர் அவர். சமுதாயம் ஒருவருக்குக் கொடுத்த மரியாதை எதுவோ, அதுவே மற்றவருக்கும்.

தோல் இல்லாமல் ஏர் இல்லை

பேரய்யா பிறந்தது மாதிகா குலத்தில். தமிழ்நாட்டில் அருந்ததியர் என்று அறியப்படும் மக்களோடு ஒப்பிட்டுச் சொல்லத்தக்க சமுதாயம் இது. ஜாம்பவானையும் அருந்ததியையும் தங்கள் முன்னோராகப் போற்றுவது இவர்கள் வழக்கம்.

அந்நாளில் ஒரு தெலுங்கு கிராமத்தில் மாதிகாக்கள் இல்லாமல் விவசாயம் நடவாது. கவலை இறைக்கத் தோல் சால் வேண்டும். மாட்டுக்கு வார் வேண்டும், உழவனுக்குச் செருப்பு வேண்டும். இவை அனைத்தும் அவர்கள் கையால் வரவேண்டும். ஊரில் மாடு செத்தால் இழுத்துப் போவது அவர்கள் கடமை. தோலும் அவர்களுக்கே, இறைச்சியும் அவர்களுக்கே. அம்மன் திருவிழாவில் தப்பட்டை அடிப்பதும் அவர்கள் பொறுப்பு. இதற்கெல்லாம் கூலியாக அறுவடைக் களத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு தானியம் அளந்து போடப்படும்.

ஊருக்கு அவர்கள் தேவை. ஊருக்குள் அவர்களுக்கு இடமில்லை. கிணறும் கோயிலும் அவர்களுக்கு இல்லை. வீடுகள் ஊருக்கு வெளியே தனிப்பள்ளியில் இருந்தன.

இப்படிப்பட்ட சூழ்நிலையில் பேரய்யா ஓரளவு வசதியும் செல்வாக்கும் உடையவராக இருந்தார். தோல் வியாபாரத்தின் பொருட்டு வெளியூர்களுக்குப் போய்வந்த பழக்கம் அவருக்கு உலகத்தைக் காட்டியது. ஓங்கோலிலிருந்து தென்மேற்கே சுமார் 40 மைல் தூரத்தில் இருந்த தல்லகொண்டபாடு அவருடைய ஊர்.

மூட்டையோடு தேடியது

வியாபாரி என்றால் லாப நஷ்டம் மட்டுமே பார்ப்பவர் என்று நினைத்தால் தவறு. பேரய்யா இளமையிலிருந்தே ஆன்ம தாகம் கொண்டவர். ராஜயோகம் கற்பிக்கும் குருமாரிடம் உபதேசம் பெற்று, தியானம் பழகியவர். அக்காலத்தில் மாதிகாக்களிடையேயும் இத்தகைய யோக மரபு பரவியிருந்தது. கோயில் கதவு மூடியிருந்தவர்களுக்கு இந்தக் குருமார்கள் காட்டிய உள்வழி பெரிய ஆறுதலாக இருந்தது. இந்த விவரங்களையெல்லாம் எம்மா ரௌஷன்புஷ் கிளஃப் என்ற அம்மையார் அந்த மக்களிடமே கேட்டு எழுதி, 1899-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

ஒரு முறை தோல் வியாபாரத்துக்காக வடக்கே ஏலூர் பக்கம் போயிருந்த பேரய்யா அங்கே ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் பிரசங்கத்தைக் கேட்டார். கேட்டது மனதில் தைத்தது. ஊருக்குத் திரும்பியும் அது அவரை விடவில்லை. தமக்கு அருகில் இந்த மார்க்கத்தைச் சொல்கிறவர்கள் யார் என்று விசாரித்தார்.

அப்போது நெல்லூரில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் இருந்தது. சாமுவேல் டே என்பவர் 1840-ல் அங்கே நிறுவிய மிஷன் அது. கால் நூற்றாண்டு பாடுபட்டும் சேர்ந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்களே. இதை மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் 1853-ல் விவாதமே நடந்தது. வரைபடத்தில் தனியாக நிற்கும் நட்சத்திரம் என்று இந்த மிஷனுக்குப் பெயர். 1854-ம் ஆண்டுப் பிறப்பன்று விடியற்காலையில் லைமன் ஜூவெட் பாதிரியாரும் அவர் மனைவியும் மூன்று இந்தியக் கிறிஸ்தவர்களும் ஓங்கோலில் ஒரு குன்றின்மேல் ஏறி, இந்த ஊருக்கு ஓர் ஊழியரை அனுப்பவேண்டும் என்று ஜெபம் செய்தார்கள். அந்தக் குன்று இன்றும் ஜெபக் குன்று என்றே வழங்குகிறது.

மிஷன் எதிர்பார்த்த ஊழியர் வந்து சேரப் பதினோரு ஆண்டுகள் ஆயின. நில அளவை வேலை பார்த்துப் பிறகு பாதிரியாரான ஜான் கிளஃப் 1865-ல் நெல்லூர் வந்தார். மறு ஆண்டில் ஓங்கோலில் குடியேறினார். ஆனால் குன்றின்மேல் கேட்ட ஜெபத்துக்குப் பாதிப் பதில்தான் அது. மறுபாதி தோல் மூட்டையோடு நடந்து வந்தது.

1866-ல் பேரய்யாவும் அவர் மனைவியும் ஓங்கோலுக்கு வந்து ஞானஸ்நானம் கேட்டார்கள். படித்த பண்டிதர்களிடம் வருஷக்கணக்கில் வாதாடிப் பலன் காணாத ஜூவெட், இந்த எளிய மனிதரின் தெளிவைக் கண்டு நெகிழ்ந்து போனார். அவர் கையாலேயே பேரய்யா ஞானஸ்நானம் பெற்றார்.

புளியந்தோப்பில் இருபத்தெட்டு பேர்

ஞானஸ்நானம் பெற்றவர் ஓங்கோலிலேயே தங்கிவிடவில்லை. மிஷன் சம்பளத்தையும் எதிர்பார்க்கவில்லை. தமது ஊருக்குத் திரும்பினார். தோல் வாங்க நடந்த அதே பாதைகளில், தோல் விற்ற அதே மாதிகப் பள்ளிகளில், இப்போது வேறொரு செய்தியைச் சொன்னார். வீடு வீடாக அவரை அறிந்தவர்கள் அவர்கள். தோலின் எடையில் பொய் சொல்லாதவர் கடவுள் விஷயத்தில் பொய் சொல்வாரா என்று கேட்டவர்கள் நம்பியதில் வியப்பில்லை.

சில மாதங்களில் அவர் ஓங்கோல் வந்து கிளஃப்பிடம் தெரிவித்த செய்தி, "எங்கள் பக்கத்தில் பலர் விசுவாசிக்கிறார்கள். நீங்கள் வந்து பார்க்க வேண்டும்" என்பதாகும்.

1867 ஜனவரி 1-ம் தேதி ஓங்கோல் சபை எட்டே எட்டு அங்கத்தினர்களோடு தொடங்கப்பட்டது. அதே மாதத்தில் கிளஃப் தல்லகொண்டபாடு சென்று புளியந்தோப்பில் கூடாரம் அடித்தார். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். சில நாட்களுக்கு வேண்டிய சோற்று மூட்டையும், ஞானஸ்நானத்துக்குப் பின் மாற்றிக் கொள்ள ஒரு துணியும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். ஐந்து நாட்கள் உபதேசமும் விசாரணையும் நடந்தன. முடிவில் 28 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

எட்டு பேர் கொண்ட சபை ஒரே மாதத்தில் நான்கு மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. இதற்கு முன் அந்த ஊரில் எந்தப் பாதிரியாரும் பிரசங்கம் செய்து அறுவடைக்குப் பக்குவப்படுத்தவில்லை. அந்த நிலத்தை உழுதவர் பேரய்யாதான்.

மூன்று கட்டளைகள்

சேர்ந்தவர்களுக்கு கிளஃப் நீண்ட சட்டப் புத்தகம் எதையும் கொடுக்கவில்லை. படிப்பறியாத மக்கள் மனதில் நிற்கும்படி மூன்றே கட்டளைகளைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே. செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னாதே. விக்கிரகங்களை வணங்காதே.

கேட்பதற்கு எளியவையாகத் தோன்றும் இந்த மூன்றும் கிராம வாழ்க்கையின் மூன்று தூண்களை அசைத்தன.

முதலாவது, ஞாயிறு. உழவு நாளும் அறுவடை நாளும் கிழமை பார்த்து வருவதில்லை. பண்ணையார் கூப்பிட்ட நேரத்தில் போக வேண்டியவன், "இன்று ஓய்வு நாள், நாளை வருகிறேன்" என்றால் அது சோம்பலாக மட்டுமல்ல, அடங்காமையாகவும் பார்க்கப்பட்டது. ஏழு நாளில் ஒரு நாள் தன்னுடையது என்று சொல்லும் உரிமை அதற்கு முன் அந்த மக்களுக்கு இருந்ததில்லை.

இரண்டாவது, செத்த மாடு. கிளஃப் தோல் தொழிலை விட்டுவிடும்படி சொல்லவில்லை. செருப்புத் தைப்பதும் தோல் விற்பதும் இழிவு என்றும் கருதவில்லை. செத்துப் போன மாட்டின் இறைச்சியை மட்டுமே விலக்கினார். பசிக்கும் குடும்பத்துக்கு அதுவும் ஓர் உணவு. விலையில்லாமல் கிடைக்கும் உணவு. அதை விடுவது என்றால் சில இரவுகள் பட்டினி கிடப்பது என்று அர்த்தம்.

மூன்றாவது, விக்கிரகம். நெல்லூர் மாவட்டத்திலும் நம் எல்லைப் பகுதியிலும் போலேரம்மா, எல்லம்மா திருவிழாக்கள் எவ்வளவு பெரியவை என்பதை வாசகர்கள் அறிவார்கள். தப்பட்டை ஒலிக்காமல் திருவிழா நடக்காது. தப்பட்டை அடிக்கிறவர்கள் "இனி அடிக்க மாட்டோம்" என்றால் ஊர் முழுவதும் கோபம் கொள்ளும். மழை பொய்த்தால், அம்மை பரவினால், பழி அவர்கள் தலைமேல் விழும்.

அப்படியே விழுந்தது. பல கிராமங்களில் கிறிஸ்தவர்களான மாதிகாக்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. களத்தில் கிடைக்க வேண்டிய தானியம் நிறுத்தப்பட்டது. அடி உதையும் வழக்குகளும் வந்தன. ஆயினும் பெரும்பாலோர் பின்வாங்கவில்லை. தங்களில் ஒருவரே முன்னால் நடந்து போகிறார் என்ற தைரியம் அவர்களுக்கு இருந்தது.

"அவர்களை விலக்கினால் நாங்கள் வருகிறோம்"

சபைக்கு உள்ளேயிருந்தும் ஒரு சோதனை காத்திருந்தது. ஓங்கோலில் உயர்சாதிக் குடும்பங்கள் கிளஃப்பிடம் நல்ல மரியாதை வைத்திருந்தன. அவர் நடத்திய பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் படித்தார்கள். மாதிகாக்கள் சபையில் சேரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. "இவர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

கிளஃப் தயங்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. படித்தவர்களும் செல்வாக்குள்ளவர்களும் முதலில் வந்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பது அக்கால மிஷன்களின் பொதுவான கணக்கு. அன்று அவரும் அவர் மனைவி ஹாரியட்டும் தனித்தனி அறையில் இருந்தபடி வேதத்தைப் புரட்டியபோது, இருவர் கண்ணிலும் ஒரே பகுதி பட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் அது. அழைக்கப்பட்டவர்களில் ஞானிகளும் வல்லவர்களும் உயர்குலத்தாரும் பலர் இல்லை என்ற கருத்து அங்கே வருகிறது.

அதற்குப் பின் அவர் தயங்கவில்லை. பள்ளிக்கூடம் காலியானது, சபை நிரம்பியது. ஒரு தோல் வியாபாரி திறந்துவிட்ட கதவை மூடுவதா வேண்டாமா என்பதே அன்று கேட்கப்பட்ட கேள்வி. மூட வேண்டாம் என்ற முடிவு ஆந்திரக் கிறிஸ்தவத்தின் முகத்தையே மாற்றிவிட்டது.

பஞ்சமும் கால்வாயும்

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைத் தமிழர்கள் இன்னும் மறக்கவில்லை. சென்னை மாகாணம் முழுவதும் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். பஞ்ச நிவாரண வேலையாக அரசாங்கம் பக்கிங்ஹாம் கால்வாயை வெட்டச் செய்தது. பழவேற்காடு ஏரியை ஒட்டி, தடா, சூலூர்பேட்டைப் பகுதிக்குக் கிழக்கே ஓடுகிற கால்வாய் இதுவே.

பட்டினி கிடந்த மாதிகாக்கள் பிற மேஸ்திரிகளின் கீழ் வேலைக்குப் போக அஞ்சினார்கள். ஆகவே கிளஃப் தமது பழைய நில அளவைத் தொழிலை நினைவுக்குக் கொண்டு வந்து, கால்வாயில் மூன்றரை மைல் தூரத்தை ஒப்பந்தம் எடுத்தார். சபையின் ஊழியர்கள் மேஸ்திரிகள் ஆனார்கள். கூலி ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது. நடுப்பகலில் மண்வெட்டியை வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தவர்களுக்கு ஊழியர்கள் வேதம் சொன்னார்கள்.

சேர விரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கிளஃப் மறுத்துவிட்டார். சோற்றுக்காகச் சேர்ந்தார்கள் என்ற பழிச்சொல் வரக்கூடாது என்பதற்காகப் பதினைந்து மாதங்கள் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. நிவாரணப் பணம் தீர்ந்து, கொடுக்க ஒன்றும் இல்லை என்று அறிவித்த பிறகும் கூட்டம் குறையவில்லை. அதன் பின்னரே வாசல் திறக்கப்பட்டது.

1878 ஜூலை 3-ம் தேதி ஓங்கோலுக்கு வடக்கே வெள்ளம்பல்லி என்ற இடத்தில் குண்ட்லகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். ஒரு நேரத்தில் இருவர் ஆற்றில் நிற்க, முறைமாற்றி ஆறு இந்திய ஊழியர்கள் அதை நடத்தினார்கள். கிளஃப் தாமே ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கணவனும் மனைவியும் தனியாக நடந்து வந்து கேட்ட ஒன்றை, இப்போது ஓர் ஆற்றங்கரை முழுவதும் நின்று கேட்டது.

கசாப்புக்காரர்களின் கோயில்

இது இந்நாட்டில் மட்டும் நடந்த அதிசயம் அல்ல. பிரான்சின் தலைநகர் பாரிஸில் கசாப்புக் கடைத் தெருவை ஒட்டி, அந்தத் தொழிலின் பெயராலேயே வழங்கிய புனித யாக்கோபு கோயில் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் கோயில் இடிக்கப்பட்டது. கோபுரம் மட்டும் இன்றும் நிற்கிறது. இங்கிலாந்தின் யார்க் நகரில் ஒவ்வொரு தொழிற்சங்கமும் வேதக் கதையில் ஒரு காட்சியை வீதியில் நடித்துக் காட்டும் வழக்கம் இருந்தது. இயேசுவின் மரணக் காட்சி கசாப்புக்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் சாதனா என்ற கசாப்புக்காரர் பாடிய பதிகம் ஒன்று இடம் பெற்றிருக்கிறது.

உயிரும் இரத்தமும் தினமும் கண்முன் காண்கிறவர்களுக்குப் பலி, மன்னிப்பு என்ற சொற்கள் வெறும் சொற்கள் அல்ல போலும்.

நினைவில் நிற்க வேண்டியவர்

கிளஃப் 1910-ல் அமெரிக்காவில் காலமானார். அவருடைய பெயரை ஓங்கோல் நன்றியோடு நினைக்கிறது. 1872-ல் ராமபட்டணத்தில் தொடங்கிய வேதக் கல்லூரியும், பின்னாளில் தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகள் ஒன்றுகூடி அமைத்த சமாவேசமும் அந்த வேலையின் கிளைகள். ஆனால் வேர் யார் என்று கேட்டால் தோல் வியாபாரி பேரய்யாவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். துரைக்கு ஊர் தெரியாத காலத்தில் ஊரைத் தெரிந்தவர் அவர். துரையின் தெலுங்கு தடுமாறிய காலத்தில் மக்களின் மொழியிலேயே பேசியவர் அவர்.

நம் பகுதிக்கும் இதுபோன்ற வரலாறு உண்டு. பேரய்யா ஓங்கோலில் ஞானஸ்நானம் பெற்ற அதே காலத்தில்தான், தமிழ்நாட்டில் முன்பு லைப்சிக் மிஷனில் பணியாற்றிய மைலியஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் சூலூர்பேட்டை, நாயுடுபேட்டைப் பக்கத்தில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் வேலையைத் தொடங்கினார். அதன் வழியில் வந்ததே திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை. அந்தக் கோயில்களின் பதிவேடுகளில் துரைமார் பெயர்கள் அழகான எழுத்தில் இருக்கும். கல் சுமந்தவர், மணி அடித்தவர், கடையை மூடிவிட்டு வந்து வாசலைப் பெருக்கியவர் ஆகியோரின் பெயர்கள் வீடுகளில் பெரியவர்கள் நினைவில் மட்டும் இருக்கும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது பேரக் குழந்தைகளின் கடமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மணி அடிக்கும்போது கடைத்தெருவில் ஒரு கறிக்கடை மட்டும் மூடியிருந்தால், வியாபாரம் தெரியாதவர் என்று அவரை நினைத்துவிட வேண்டாம். நஷ்டக் கணக்கைத் தெரிந்தே எழுதியவராக அவர் இருக்கலாம். கௌசிகன் தர்மம் கேட்கப் போனதும் அத்தகைய ஒரு கடை வாசலுக்குத்தான்.